பானட்டுக்குள் இருந்த எழுத்தை அழித்துவிட்டோம், அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

கணபதி பட்டறைக்காரன் எழுதியது:

வணக்கம். கோவையில் கணபதி பக்கம் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா அம்பாசிடர் மெக்கானிக், நான் அவர் கையைப் பார்த்துக் கற்றவன். பழைய வண்டி வேலை வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும், மற்றபடி சோறு போடுவது தினசரி சர்வீஸ்தான். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேள்வி கடைசியில் இருக்கிறது.

போன வருடம் தை மாதம் கோத்தகிரியிலிருந்து லாரியில் ஒரு வண்டி வந்து இறங்கியது. எம்ஜிஏ 1500, 1957 மாடல், இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஓபன் வண்டி. முப்பது வருடத்துக்கு மேல் ஒரு தகரக் கொட்டகையில் நின்றது. லாரிப் பையன் கதவைத் திறக்கக் கைப்பிடியைத் தேடு தேடு என்று தேடினான். வெளியே கைப்பிடியே கிடையாது, உள்ளே கையை விட்டு ஒரு கயிற்றை இழுக்க வேண்டும். இழுத்ததும் கயிறு கையோடு வந்துவிட்டது.

"எம்ஜிஏ வண்டி வந்திருக்கு" என்றதும் அப்பா "எம்ஜிஆர் வண்டியா?" என்று எழுந்து வந்தார். பானட்டைத் தூக்கிப் பார்த்தார். "டேய், இது நம்ம அம்பாசிடர் இன்ஜின்டா" என்றார். அவர் சொன்னது சரிதான். 1489 சிசி, பி-சீரிஸ். இங்கிலாந்தில் ஆபிங்டனில் செய்த வண்டிக்கும் நம்மூர் டாக்ஸிக்கும் குடும்பம் ஒன்று. என்ன, இவன் இரண்டு எஸ்யூ கார்பரேட்டர் மாட்டிக்கொண்டு மிடுக்காக நிற்கிறான். ஐந்து வருடமாக ஸ்பேனர் தொடாத அப்பா அன்றைக்கு நாற்காலியை வண்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

வண்டிக்காரர் ஓர் அம்மா. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது ஆர்.எஸ்.புரத்தில் இருக்கிறார். வண்டி அவருடைய அப்பாவுடையது. அவர் தேயிலைத் தோட்டத்தில் மேனேஜராக இருந்தபோது, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கினாராம். ஆர்.சி. இன்னும் அந்த அம்மாவின் அப்பா பெயரில்தான் இருக்கிறது. அவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. பணம் கொடுப்பது அம்மாவின் மகன், அமெரிக்காவில் இருக்கிறார். அம்மா சொன்னது, "ஓடினா போதும் தம்பி." மகன் போனில் சொன்னது, "சிவப்பு அடிச்சு பளபளன்னு இருக்கணும்." நான் இரண்டுக்கும் சரி என்றேன். நாலு லட்சம் என்று வாயால் சொன்னேன். ஒரு காகிதம்கூட எழுதவில்லை. இந்தத் தப்பை நான் செய்வது இது மூன்றாவது தடவை.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பெட்ரோல் பம்ப் செத்துக் கிடந்தது. ஸ்பேனர் பிடியால் லேசாக ஒரு தட்டு தட்டியதும் டிக் டிக் டிக் என்று ஆரம்பித்தது. உள்ளே பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. முப்பது வருடம் தூங்கியவனை முதுகில் தட்டி எழுப்பினது மாதிரி இருந்தது எனக்கு. இன்ஜின் சுற்றவே சுற்றாமல் இறுகிக் கிடந்தது. பிளக் ஓட்டை வழியாக டீசல் ஊற்றி எட்டு நாள் விட்டு, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துத் திறந்தோம். அப்புறம் ரீபோர், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கினோம். 40 தவ் (இஞ்சில் ஆயிரத்தில் நாற்பது பங்கு) ஓவர்சைஸ் அம்பாசிடர் பிஸ்டன் அளந்து பார்த்தேன், பொருந்தியது. போட்டுவிட்டேன்.

பாடியில்தான் சனி பிடித்தது. இந்த வண்டிக்குத் தரை ப்ளைவுட். கரையான் முழுக்கத் தின்றுவிட்டு மேலே போட்டிருந்த விரிப்பை மட்டும் நமக்காக விட்டுவைத்திருந்தது. சீட்டில் கை வைத்தேன், சீட்டோடு சேர்ந்து கை கீழே போனது. சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி வைக்கும் தொட்டிகள் இருக்க வேண்டும், தொட்டி இருந்ததற்கான துரு மட்டும் இருந்தது. பள்ளத்தை மறைக்க எவ்வளவு புட்டி அப்பியிருக்கிறது என்று பார்க்கப் பட்டறைப் பையனிடம் காந்தத்தைக் கொடுத்தேன். பானட், டிக்கி, இரண்டு கதவு எதிலும் ஒட்டவில்லை. "அண்ணா, வண்டி முழுக்கப் புட்டிதான்!" என்று ஓடி வந்தான். அதெல்லாம் அலுமினியத் தகடு என்று சொல்லிப் புரியவைத்தேன். ஆனால் முன் மட்கார்டின் அடியில் அவன் பேச்சு பலித்தது. அரை இஞ்சு கனத்துக்குப் புட்டி, அதற்குள் திணித்த சிமென்ட் பை. யார் செய்த புண்ணியமோ.

பாடியை ஆறு பேர் தூக்கி இறக்கி வைத்த பிறகு சேஸிஸைத் தட்டிப் பார்த்தேன். தரைப் பலகை உட்காரும் இடத்தில் ஸ்குரூ டிரைவர் உள்ளே போய்விட்டது. கெட்டதை வெட்டிப் புதுத் தகடு வைக்க இன்னும் 80,000 ஆகும். ஏற்கெனவே நாலு லட்சம் ஆறரையாகிவிட்டது. மகன், "மேலே தகடு வச்சு மூடி பெயிண்ட் அடிச்சிடுங்க, மார்கழியில் நான் வரும்போது வண்டி ரெடியா இருக்கணும்" என்கிறார். அவர் வண்டியைக் கீழிருந்து பார்த்ததே இல்லை.

இதெல்லாம்கூடச் சமாளித்துக்கொள்வேன். இனிமேல் சொல்லப்போவதுதான் விஷயம்.

அந்தப் பெரியவர் பானட்டின் உள்பக்கத்தில் சர்வீஸ் கணக்கு எழுதி வைத்திருந்தார். தேதி, மைல், செய்த வேலை. பெரும்பாலும் பென்சிலில், சில இடங்களில் ஏதோ கூரான கம்பியால் கீறி. சின்னச் சின்ன எழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் கோடு போட்டதுபோல நேராக. வண்டி வந்த அன்று அப்பா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தார். ஒரு வரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, குன்னூர் மலைப்பாதையில் வரும் பர்லியாரைப் பற்றியது: "பர்லியார் இறக்கம். பிரேக் சூடு. இடது பக்கம் இழுக்கிறது. 41,260."

மூன்று வாரத்துக்கு முன் பானட்டுக்கு பெயிண்ட் ரிமூவர் போடச் சொன்னேன். "ரெண்டு பக்கமும் எடுத்துடு" என்றேன். சொன்னது நான்தான், பையன் மேல் தப்பில்லை. சாயங்காலம் வந்து பார்த்தால் பானட் புதுப் பாத்திரம் மாதிரி மின்னுகிறது. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. "நல்லா எடுத்திருக்கேடா" என்று பாராட்டினேன்.

நாலு நாள் கழித்து அந்த அம்மா வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார், பானட் அப்போது பரண்மேல் சாக்குப் போட்டு மூடியிருந்தது. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "தம்பி, அப்பா பானட்டுக்குள்ள எழுதி வச்சிருப்பாரே, அத மட்டும் அப்படியே விட்டுடுங்க. பெயிண்டுகூட வேண்டாம்" என்றார். நான் "சரிங்க மேடம்" என்றேன்.

அந்த "சரிங்க மேடம்" வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

என் போனில் முதல் நாள் எடுத்த இன்ஜின் போட்டோ ஒன்று இருக்கிறது. அதன் மேல் ஓரத்தில் பானட்டின் கீழ்ப்பாதி கலங்கலாகத் தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் ஐந்தாறு வரி இருப்பது தெரிகிறது, படிக்க முடிவது இரண்டு.

அடுத்தவர் வண்டியில் இப்படி ஆனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எப்படிச் சொன்னீர்கள்? சேஸிஸ் விஷயத்தில் பணம் கொடுப்பவர் சொல்வதைக் கேட்பதா, வண்டிக்காரர் சொல்வதைக் கேட்பதா?


அரை இஞ்சு ஸ்பேனர் எழுதியது:

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? போட்டோவில் இருப்பதைப் பார்த்து பென்சிலில் நீங்களே எழுதிவிடுங்கள். மிச்சத்துக்கு "ஆயில் மாற்றியது, பிளக் மாற்றியது" என்று போட்டு நிரப்புங்கள். வயதானவர், கண்ணாடி போட்டுப் படித்தா பார்க்கப் போகிறார்?


கணபதி பட்டறைக்காரன் எழுதியது:

ஒளிக்காமல் சொல்கிறேன், பென்சில் வாங்கி வந்துவிட்டேன். எச்.பி. பென்சில், ஐந்து ரூபாய். ஒரு பழைய தகட்டில் எழுதியும் பார்த்தேன். என் கையெழுத்து மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது. அது ஒரு பக்கம், அப்பா அந்தப் பென்சிலை எடுத்துத் தன் காதில் சொருகிக்கொண்டார், கேட்டால் தர மாட்டேன் என்கிறார்.


லேத் அண்ணாச்சி எழுதியது:

தம்பி, இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடும். நாளைக்கு என்றால் ஒரு நாள் கூடுதல் பொய். அவ்வளவுதான் அந்தக் கேள்விக்கு.

இன்னொன்று. பானட்டுக்கு பிரைமர் அடித்துவிட்டீரா? அடிக்கவில்லை என்றால் அடிக்காதேயும். சில இடத்தில் கம்பியால் கீறினார் என்கிறீர். அலுமினியம் மெத்தென்று இருக்கும், பெயிண்டைத் தாண்டிக் கீறல் விழுந்திருந்தால் தகட்டில் தடம் இருக்கும். ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பாரும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. நான் பழைய டையில் (இரும்பு அச்சில்) அழிந்துபோன நம்பரை இப்படித்தான் படிப்பேன். பையன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் கஷ்டம், ரிமூவர் மட்டும் என்றால் வழி இருக்கிறது.

சேஸிஸ்: தகடு வைத்து மூடுவது பட்டறை வேலை இல்லை, பொட்டலம் கட்டும் வேலை. உள்ளே துரு, மேலே தகடு, நடுவில் தண்ணீர். இரண்டே மழையில் முன்னைவிட மோசமாகும். வெட்டி எடுத்தால்தான் எதுவரைக்கும் நல்ல இரும்பு இருக்கிறது என்று உமக்கே தெரியும்.


கராஜ்காரன், பர்மிங்காம் எழுதியது:

வணக்கம் தம்பி. நான் யாழ்ப்பாணத்து ஆள், இங்கே பழைய பிரிட்டிஷ் வண்டிகள் திருத்துகிற கராஜ் ஒன்றில் இருபது வருசமாக வேலை. எம்ஜிஏ வருசத்துக்கு நாலைந்து கை வழியாகப் போகும்.

எழுத்து அழிந்த கதை எங்களுக்கும் நடந்திருக்கிறது. ஒரு வண்டியின் கையுறைப் பெட்டிக்குள் பிள்ளைகள் ஒட்டிய ஸ்டிக்கர்களைச் சுத்தம் செய்து கொடுத்தோம். வண்டிக்காரர் காசு தந்தார், நன்றி சொன்னார், பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வேலைத் தாளில் முதல் கேள்வியே "எதைத் தொடக் கூடாது?" என்பதுதான். எதைத் திருத்த வேண்டும் என்பது இரண்டாவது. வண்டி உள்ளே வந்த அன்றே நானூறு ஐந்நூறு படம் எடுப்போம், மூடிகளின் உள்பக்கம், சீட்டின் அடி, டிக்கி மட்டையின் கீழ் எல்லாம். கழற்றின ஒவ்வொரு ஆணியும் பெயர் எழுதின பையில் போகும். உடைந்ததும் போகும். உதவாத பழைய சாமானைக்கூட கடைசியில் பெட்டியில் போட்டு வண்டிக்காரர் கையில் குடுப்போம், எறிகிறதென்றால் அவர் எறியட்டும்.

இப்ப ஒரு கேள்வி. அம்பாசிடர் பிஸ்டன் போட்டதை அந்த அம்மாவுக்குச் சொன்னீங்களா? போட்டது பிழையென்று சொல்லவில்லை. அளந்துதான் போட்டிருப்பீங்கள். ஆனால் பிஸ்டனின் தலை உயரமும் பின் அளவும் ஒன்றா, கம்ப்ரஷன் எவ்வளவு குறைந்தது என்று குறித்து வையுங்கோ. எம்ஜிஏ 1500க்கு 8.3க்கு ஒன்று என்று இருக்க வேணும். நாளைக்கு வேறொருவர் அந்த இன்ஜினைத் திறந்தால் அவருக்குத் தெரிய வேணும். பானட் எழுத்தைச் சொல்லப் போகிற அன்றே இதையும் சொல்லிவிடுங்கோ, கசப்பு மருந்தை இரண்டு தரம் குடிக்கத் தேவையில்லை.

வேலை சம்பந்தமாகச் சில: பானட்டுக்குச் சாதாரண பிரைமர் வேண்டாம், அலுமினியத்தைக் கடித்துப் பிடிக்கிற எட்ச் பிரைமர் வேணும், இல்லாட்டி பெயிண்ட் தோல் உரிகிற மாதிரி உரியும். காஸ்டிக் சோடா கிட்டவும் கொண்டுபோகாதீங்கோ. கதவில் அலுமினியத் தோல், உள்ளே இரும்புச் சட்டம். இரண்டும் சேருகிற மடிப்பில் ஈரம் நின்றால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும், அந்த மடிப்பைத் திறந்து பாருங்கோ. தரைக்குத் தண்ணீர் தாங்குகிற மரைன் ப்ளை போடுங்கோ, வெட்டின ஓரங்களுக்கும் ஆணி ஓட்டைகளுக்கும்தான் முதல் பெயிண்ட், மேல் பக்கம் பிறகு. எர்த் இந்த வண்டிக்குப் பாசிட்டிவ், பேட்டரியின் பிளஸ் பக்கம்தான் பாடியோடு சேரும். உங்கட பையன் பழக்கத்தில் மாற்றிக் குடுத்துவிடுவான், பேட்டரிக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கோ. மாற்றிக் குடுத்திருந்தால் வண்டி ஒன்றும் எரியாது, ஆனால் டைனமோவைத் திரும்பப் பாசிட்டிவுக்குப் பழக்க வேணும்.

பெரியவர் "இடது பக்கம் இழுக்கிறது" என்று எழுதினாரே, அதை விடாதீங்கோ. இந்த மாடலுக்கு நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் பிரேக் ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் இரண்டு. வலது பக்கத்தில் ஒன்று பிடித்துக்கொண்டு வேலை செய்யாமல் விட்டால் வண்டி இடது பக்கம்தான் ஓடும். அந்த நாலையும் கழற்றிப் பாருங்கோ. மாஸ்டர் சிலிண்டர் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே வார்ப்பில் இரண்டு குழியாக இருக்கும். குழி அரித்திருந்தால் எறிய வேண்டாம், கடைந்து உள்ளே ஒரு குழாய் இறக்கி ஸ்லீவ் போடலாம். கோயம்புத்தூரில் அதுக்கு ஆள் இல்லையென்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.


ஆர்.சி. முதலில் எழுதியது:

யாரும் கேட்காத விஷயத்தைச் சொல்கிறேன். ஆர்.சி. இறந்தவர் பெயரில் இருக்கும்வரை அம்மாவும் மகனும் சண்டை போட்டால் உங்களிடம் காட்ட ஒரு தாளும் இருக்காது. படிவம் 31 கொடுத்து, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு அம்மா பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். மற்ற பிள்ளைகள் இருந்தால் அவர்களுடைய சம்மதமும் கேட்பார்கள். பெயர் யாருடையதோ அவர்தான் வண்டிக்காரர். பணம் அமெரிக்காவிலிருந்து வரலாம், கையெழுத்து ஆர்.எஸ்.புரத்திலிருந்து வரட்டும்.

50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021 ஜூலையில் தனி விதி வந்தது. புதிதாகப் பதிவு என்றால் 'விஏ' என்ற எழுத்துகளோடு நம்பர், கட்டணம் 20,000. ஏற்கெனவே நம்பர் இருக்கும் வண்டி அதே நம்பரை வைத்துக்கொள்ளலாம். ஒன்று ஞாபகம் இருக்கட்டும், இந்த வகையில் பதிந்தால் தினம் காய்கறி வாங்க ஓட்டக்கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, அவ்வளவுதான். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாததுதான் விண்டேஜ் என்று விதி சொல்கிறது. அதனால் வெட்டி வைக்கும் தகடு பழைய வடிவத்திலேயே இருக்கட்டும், வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வையுங்கள். இன்ஜின் அறைச் சுவரில் ரிவெட் அடித்த நம்பர் தகடு இருக்கும். உங்கள் பையனிடம் அதைக் காட்டி, தொட்டால் கை இருக்காது என்று சொல்லி வையுங்கள்.


காத்திருப்பவன் எழுதியது:

நான் பட்டறைக்காரன் இல்லை, வண்டியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் கட்சி. தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம்ம மெட்ராஸில் செய்த வண்டி. ஒரு பட்டறையில் விட்டு மூன்று வருடம் ஆகிறது. போன் செய்தால் "பெயிண்ட் காயுது சார்" என்கிறார்கள். மூன்று வருடமாகக் காய்கிற பெயிண்டை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

ஆகவே வண்டிக்காரன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எங்களுக்குக் கெட்ட செய்தி பழகிவிடும். செய்தியே இல்லாததுதான் பழகாது. வாரம் ஒரு போட்டோ அனுப்புங்கள், துருவாக இருந்தாலும் சரி. அந்த மகனுக்கு ஸ்குரூ டிரைவர் சேஸிஸுக்குள் போகிற வீடியோவை அனுப்புங்கள். அம்மாவை அந்த சீட்டில் உட்கார வைத்து பர்லியார் இறங்கச் சம்மதமா என்று ஒரு வரி சேருங்கள். 80,000 மறுநாளே வரும்.


கணபதி பட்டறைக்காரன் எழுதியது:

இரண்டரை மாதம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

லேத் அண்ணாச்சி சொன்னபடி அன்று ராத்திரியே ஷட்டரை இறக்கி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். பையன் தேங்காய் நார் மாதிரி ஒரு பச்சை நாரைப் போட்டுத் தேய்த்திருக்கிறான், வட்ட வட்டமாகக் கோடுதான் நிறைய. அதற்கு நடுவில் ஓரிடத்தில் "38," என்று ஓர் எண்ணின் முதல் பாதி. இன்னொரு மூலையில் "ல்" மாதிரி ஓர் எழுத்து. அவ்வளவுதான். அப்பா அது "ஆயில்" என்கிறார். இருக்கலாம்.

மறுநாள் போன் செய்தேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, "ஒரு தடவை வந்துட்டுப் போங்க மேடம்" என்றேன். வந்தார். பானட்டைப் பரணிலிருந்து இறக்கி வெயிலில் சாய்த்து வைத்தேன். "நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே இது போயிடுச்சுங்க. தெரிஞ்சேதான் சரின்னு சொன்னேன்" என்றேன். பிஸ்டன் விஷயத்தையும் அதே மூச்சில் சொன்னேன். பிஸ்டன் அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

ரொம்ப நேரம் தகட்டையே பார்த்தார். கையை வைத்துத் தடவினார். "அழிக்கறதுக்கு முன்னாடி படிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நான் பர்லியார் வரியைச் சொன்னேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் நினைவில்லை. அப்போது அப்பா நாற்காலியில் இருந்தபடியே ஆரம்பித்தார். எழுபத்து நாலு வயது, காலையில் மாத்திரை போட்டோமா என்பது நினைவிருக்காது. "ரெண்டு பேட்டரி புதுசு, ஊட்டி"; "பின்னாடி ஸ்பிரிங் பட்டை ஒன்னு மாத்தினது"; "ஃபேன் பெல்ட், வழியிலயே போட்டது." இப்படி ஏழெட்டுச் சொல்லிக்கொண்டே வந்தவர், "அப்புறம் ஒன்னு இருந்துச்சுங்க. 'பாப்பா ஓட்டினாள். கிளட்ச் கருகல் வாசம்'னு" என்றார்.

அந்த அம்மாவுக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. "அது நான் இல்லைங்க, என் தங்கச்சி! எங்க வீட்டுல அவளத்தான் பாப்பான்னு கூப்பிடுவாங்க. நான் ஓட்டுனப்ப ஒரு நாளும் கருகல" என்றார். பிறகு அங்கேயே நின்று தங்கைக்குப் போன் போட்டார். அரை மணி நேரம் சண்டை. நான் டீ வாங்கப் போய்விட்டேன்.

எனக்கு மன்னிப்பெல்லாம் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. அடுத்த பத்து நாள் அவர் போனை எடுக்கவில்லை. அப்புறம் அவரே கூப்பிட்டு, போட்டோவைப் பெரிதாக பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னார். அப்பா சொன்ன வரிகளை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். பானட்டின் உள்பக்கம் என்ன செய்வது என்று கேட்டேன். "பெயிண்ட் அடிச்சிடுங்க, இனிமே என்ன" என்றார். அந்த "இனிமே என்ன" இன்னும் காதில் இருக்கிறது.

நிறம் சிவப்பு இல்லை. டாஷ்போர்டைக் கழற்றியபோது அதன் பின்னால் வெளிர் நீலம் இருந்தது, தொழிற்சாலையில் அடித்தது. கிளேசியர் ப்ளூ என்று அதற்குப் பெயராம். அதையே அடிப்போம் என்று அம்மா சொல்லிவிட்டார். மகனுக்குக் காத்திருப்பவர் சொன்ன மாதிரியே வீடியோ அனுப்பினேன், அந்த ஒரு வரியையும் சேர்த்து. பணம் மறுநாள் வரவில்லை, மூன்றாம் நாள் வந்தது. மார்கழியைப் பற்றி இப்போது பேசுவதில்லை. ஆர்.சி. வேலையை அம்மாவே ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடந்து பார்த்துக்கொள்கிறார். வேலைத் தாள் ஒன்று அச்சடித்துவிட்டேன். பர்மிங்காம் அண்ணன் சொன்ன கேள்விதான் அதில் முதல் வரி. போன வாரம் ஒரு மாருதி 800 காரர் அதைப் படித்துவிட்டு, "எதையும் தொடக்கூடாதுன்னா எதுக்குங்க பட்டறைக்கு வர்றேன்?" என்று கேட்டார்.

சேஸிஸ் வெட்டிப் பார்த்ததில் நான் நினைத்ததைவிட ஒன்றரை அடி கூடுதலாகக் கெட்டிருந்தது. வைத்து முடித்தாகிவிட்டது. மாஸ்டர் சிலிண்டருக்கு இங்கேயே ஸ்லீவ் போட்டோம். வீல் சிலிண்டரில் அண்ணன் சொன்னது அச்சு அசல். வலது முன் சக்கரத்தில் மேல் சிலிண்டர் கல்லாகப் பிடித்துக் கிடந்தது. நாலையும் மாற்றி, புது லைனிங் ஒட்டி, டிரம் லேத்தில் போட்டு எடுத்தாயிற்று.

நேற்று பானட்டும் கதவும் இல்லாமல், தரையில் வெறும் பலகையோடு, பட்டறைத் தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட்டினேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இருபதில் போய் பிரேக் அடித்தேன்.

லேசாக இன்னும் இடது பக்கம் இழுக்கிறது. டயர் காற்று சரி, பிரேக் ஷூ அட்ஜஸ்ட் இரண்டு பக்கமும் ஒரே கிளிக், பிரேக் லைனில் ஏர் எடுத்தாகிவிட்டது, ஹோஸ் நான்கும் புதுசு. அண்ணன், வேறு எங்கே பார்க்கட்டும்?